சாலையிலும் ஐந்தாம் கட்டளை

புது வண்டி வாங்கினால் முதலில் ஆலயத்திற்கே கொண்டு செல்கின்றோம். பங்குச் சுவாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்துத் தருகின்றார். முகப்பில் மாதா சுரூபம் ஒன்றையும் வைத்துக் கொள்கின்றோம். போற்றத்தக்க வழக்கமே. ஆயினும், மந்திரித்த வண்டியை ஓட்டுகிறவனின் மனம் எப்படி இருக்கின்றது என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கின்றோம்? நாமும் நெடுங்காலம் எண்ணியதில்லை. அதைக் கற்றுத் தந்தது கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலை.

2014-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதக் கடைசி. சிதம்பரத்தில் உறவினர் ஒருவர் கட்டிய புது வீட்டின் மந்திரிப்புக்காக, விடியுமுன்னரே மஞ்சக்குப்பத்திலிருந்து குடும்பத்தோடு காரில் புறப்பட்டோம். ஓட்டியவர் நாமே. பின்னிருக்கையில் மனைவியும் மகளும், பக்கத்தில் மகன். அவனுக்கு அப்போதுதான் பதினெட்டு வயது நிறைந்திருந்தது. பழகுநர் உரிமம் பெற்று, ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்குச் சென்று கொண்டிருந்தான்.

ஆலப்பாக்கம் கடந்ததும் ஒரு சரக்கு லாரியை ஒட்டியே சென்றோம். "அப்பா, இடைவெளி போதாது. வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் இருப்பார்கள்" என்றான் மகன். "முப்பது வருஷமாக ஓட்டுகிறவனுக்கு நீ சொல்லித் தருகிறாயா?" என்று அதட்டினோம்.

அடுத்த நொடியில் லாரி சட்டென வலப்புறம் ஒதுங்கியது. அதன் மறைவிலிருந்து, காவி உடுத்த ஒரு கூட்டம் மாதாவின் சிறு தேரை இழுத்துச் செல்வது வெளிச்சத்தில் தெரிந்தது. பிரேக்கை மிதித்தோம். தேருக்கு ஒரு முழம் இருக்கையில் கார் நின்றது. அஞ்சி ஒதுங்கிய மூதாட்டி ஒருவர், கையில் செபமாலையோடு சாலையோரப் பள்ளத்தில் விழுந்து கிடந்தார். ஓடிச் சென்று தூக்கினோம். முழங்காலில் சிராய்ப்பு, வேறு காயமில்லை. அவர் நம்மை ஒரு சொல்லும் கடியவில்லை. "உங்க பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகலையே, ஐயா?" என்று கேட்டார். அதற்கு மறுமொழி கூற நமக்கு வாய் எழவில்லை.

அன்றிரவு வீடு திரும்பியதும், "பயிற்சிப் பள்ளியில் என்ன சொல்லித் தந்தார்கள்?" என்று மகனிடம் கேட்டோம். அவன் பொறுமையாக விளக்கினான். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, ஒரு வினாடியில் ஏறத்தாழ பதினேழு மீட்டர் ஓடிவிடும். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்கை அழுத்தவே ஒரு வினாடியாவது ஆகும். அதன் பின்னரே வண்டி வேகம் குறையத் தொடங்கும். ஆகவே, முன்செல்லும் வண்டி ஒரு மரத்தையோ மைல்கல்லையோ கடந்தபின், நாம் அதை அடைய மூன்று வினாடியாவது ஆக வேண்டும். இருளிலும் மழையிலும் இடைவெளி இன்னும் கூட வேண்டும்.

நாம் இளமையில் கற்றதெல்லாம் கிளச்சு, கியர், ஹாரன் மட்டுமே. முப்பது ஆண்டுப் பழக்கத்தையே அறிவு என்று எண்ணியிருந்தோம்.

அந்த வாரப் பாவசங்கீர்த்தனத்தில், வாழ்வில் முதன்முறையாக, வண்டி ஓட்டிய விதத்தையும் பாவமாக அறிக்கையிட்டோம். குடிபோதையாலோ வேக மோகத்தாலோ தம் உயிரையும் பிறர் உயிரையும் ஆபத்துக்கு உள்ளாக்குவோர் கடுங்குற்றம் புரிகின்றனர் என்று 1992-இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூல் கூறுகின்றது. அதுவும் 'கொலை செய்யாதே' என்னும் ஐந்தாம் கட்டளையின் விளக்கத்திலேயே கூறுகின்றது. 2007-இல் வத்திக்கான் வெளியிட்ட சாலை மேய்ப்புப்பணி வழிகாட்டுதலில் ஓட்டுநர்களுக்கெனப் பத்துக் கட்டளைகள் உண்டு. முதலாவது இதே கட்டளைதான். ஒன்பதாவது, சாலையில் வலிமை குறைந்தவரைக் காக்கும்படி பணிக்கின்றது. நடந்து செல்வோரைவிட வலிமை குறைந்தவர் சாலையில் யார்?

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. டியூஷனுக்கு நேரமாகிறது என்று பள்ளி செல்லும் பிள்ளையிடம் மோட்டார் சைக்கிள் சாவியைக் கொடுக்கின்றோம். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. சட்டத்திற்கு அஞ்சுவதினும், பிள்ளையின் உயிருக்கும் அயலான் உயிருக்கும் அஞ்சுவதன்றோ பெற்றோர்க்கு அழகு! வயது நிறையட்டும், முறையாகப் பயிலட்டும். அதைவிட முக்கியமாக, நாம் ஓட்டுவதைப் பார்த்தே அவர்கள் கற்கின்றனர் என்பதை மறவாதிருப்போம்.

இப்போதெல்லாம் சிலுவை அடையாளம் வரைந்தபின், இருக்கைப் பட்டியை மாட்டி, கண்ணாடிகளைச் சரிபார்த்த பிறகே வண்டியை எடுக்கின்றோம். ஆகஸ்டு 29-இல் வேளாங்கண்ணியில் கொடியேறும் நாள் நெருங்கினால், இருளில் அந்தச் சாலைப் பயணத்தையே தவிர்க்கின்றோம். தவிர்க்க இயலாதபோது மெதுவாகச் செல்கின்றோம். மகன் பக்கத்திலிருந்து "இடைவெளி, அப்பா" என்றால், மறுபேச்சின்றி வேகத்தைக் குறைக்கின்றோம்.

பெயர் அறியாத அம்மூதாட்டிக்காக நாள்தோறும் ஓர் அருள்நிறை மரியே சொல்லி வருகின்றோம்.