படம் சுருங்கினால் போதுமா?

லேபில் நாம் செய்யும் வெப் பக்கம் பெரிய மானிட்டரில் ஜோராகத் தெரிகிறது. அதையே செல்போனில் திறந்தால் படம் திரையைத் தாண்டி ஓடுகிறது. இதற்கு என்ன வழி?

2010-ஆம் ஆண்டு ஈத்தன் மார்கோட் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர், திரைக்குத் தக்கபடி பக்கமே வளைந்து கொடுக்க வேண்டும் என்று எழுதினார். படத்துக்கு அவர் சொன்ன வழி சி.எஸ்.எஸ்.-இல் ஒரே வரி: 'மேக்ஸ்-விட்த் 100%'. படம் தன் கட்டத்தைத் தாண்டாது. கூடவே 'ஹைட் ஆட்டோ' என்று எழுதினால் முகம் நசுங்காமல் உயரமும் சேர்ந்து குறையும்.

இந்த இரண்டு வரியோடு வேலை முடிந்ததா? இல்லை!

சென்ற வருடம் ஒரு விழாவில் நான் பரிசு வாங்கிய படம் ஒரு பக்கத்தில் வந்தது. எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். ஊரில் அம்மா ஆசையாகத் திறந்தார். "வட்டம் சுத்திக்கிட்டே இருக்குடா, உன் மூஞ்சியே வரல" என்றார். போனில் இருந்த கொஞ்சம் டேட்டாவும் தீர்ந்துவிட்டது.

அந்தப் பக்கத்தைப் பிரித்துப் பார்த்தேன். இரண்டு வரியும் சரியாகவே இருந்தன. ஆனால் படம் கேமராவில் எடுத்தபடியே 4000 × 3000 பிக்சல்; அதாவது 1.2 கோடி புள்ளிகள்! அம்மா போனின் 720 பிக்சல் அகலத்துக்கு 720 × 540 போதும். நாலு லட்சம் புள்ளிகள்கூட இல்லை. முப்பது மடங்கு வீண் சுமை!

எட்டு முழ வேட்டியை மடித்துக் கட்டினால் பார்க்கத்தான் குட்டை. துணி என்னவோ எட்டு முழந்தான். சி.எஸ்.எஸ். சுருக்குவது கண்ணுக்கு மட்டும். ஃபைல் முழுசாகத்தான் இறங்கும்.

மருந்து எச்.டி.எம்.எல்.-இல் இருக்கிறது. ஒரே படத்தை 480, 720, 1600 என்று மூன்று அகலத்தில் சேமித்து, 'எஸ்.ஆர்.சி.செட்'டில் வரிசையாகக் கொடுக்க வேண்டும். திரையில் படம் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதை 'சைஸஸ்' சொல்லும். சி.எஸ்.எஸ். வந்து சேரும் முன்பே பிரவுசர் படத்தைத் தேட ஆரம்பித்துவிடுவதால் இதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். பிறகு ஏற்ற படத்தை அதுவே எடுத்துக்கொள்ளும். படத்தின் அகலம், உயரம் இரண்டையும் எண்ணாக எழுதிவிட்டால், படம் வரும்போது படிக்கிற வரி கீழே குதிக்காது.

நண்பர்களே, அடுத்த ப்ராஜெக்டை லேப் மானிட்டரில் மட்டும் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். வீட்டில் உள்ள பழைய போனிலும் ஒரு தடவை திறந்து பாருங்கள். காசு போட்டு ரீசார்ஜ் செய்கிறவர்கள் நம் பெற்றோர்தானே!