பால் கட்டிய மார்பும் பீடிச் சுளகும்

தோழர்களே, இன்று மார்பைப் பற்றிப் பேசப்போகிறோம். கூச்சப்படாமல் வாசியுங்கள்.

செங்கோட்டைப் பக்கம் ஒரு காலனியில், பிரசவமாகி மூன்று வாரமான தங்கச்சி ஒருத்தியைப் பார்க்கப் போனோம். மடியில் பீடிச் சுளகு, பக்கத்தில் தொட்டில். காம்பில் வெடிப்பு. ஒரு பக்க மார்பு சிவந்து கல்லாக இறுகிக் கிடந்தது. இரண்டு நாளாகக் குளிர்காய்ச்சல். "ஆஸ்பத்திரிக்குப் போகலியா?" என்றோம்.

"போனேன்க்கா. சுத்தமா இருந்தா இதெல்லாம் வராதுன்னு சொல்லிட்டாவ. எந்தத் தெருன்னும் கேட்டாவ. பொறவு போகல."

அந்தச் சொல்தான் எங்களை எழுத வைக்கிறது.

காம்பு வெடிப்பது அழுக்கால் அல்ல. பெரும்பாலும் பிள்ளை காம்பை மட்டும் கவ்வுவதால்தான். வாயை அகலத் திறக்க வைத்து, கருவட்டமும் உள்ளே போகும்படி பிடித்தால் வலி குறையும். குடித்தபின் சில சொட்டுத் தாய்ப்பாலைப் புண்ணில் தடவிக் காயவிடலாம். சோப்புப் போட்டுத் தேய்த்தால் இன்னும் வெடிக்கும். வலிக்குப் பயந்து கொடுக்காமல் விட்டால் பால் கட்டும். வெடிப்பு வழியே கிருமியும் நுழையும். அப்போதும் அந்தப் பக்கம் கொடுக்கலாம், பிள்ளைக்குக் கெடுதல் இல்லை. ஒருநாளில் காய்ச்சல் தணியாவிட்டால் டாக்டரிடம் போக வேண்டும். அவர் தரும் ஆன்டிபயாட்டிக்கைப் பாதியில் நிறுத்தக்கூடாது. விட்டால் சீழ் கட்டும். பிள்ளையின் வாயில் துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம் இருந்தால் அது பூஞ்சை. தாய்க்கும் பிள்ளைக்கும் சேர்த்து மருந்து வேண்டும்.

பீடித்தூள் கையைக் கழுவிவிட்டுப் பிள்ளையை எடுக்கச் சொல்வது நியாயம். ஆனால் மூன்றாம் வாரமே அந்தக் கை ஏன் தூளில் இருக்கிறது? ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பதுதான் கூலிக் கணக்கு. பிள்ளை அழும் நேரமெல்லாம் எழுந்தால் ஆயிரம் தேறாது. வீட்டிலிருந்து சுற்றும் பெண்களுக்கும் பேறுகால உரிமை உண்டு என்று 1966-ஆம் ஆண்டின் பீடித் தொழிலாளர் சட்டமே சொன்னது. இவள் சுற்றுவதோ மாமியார் பெயரில் உள்ள பாஸ்புக்கில். கணக்கில் இவள் தொழிலாளியே இல்லை.

செங்கோட்டை ஒரு காலத்தில் திருவிதாங்கூரில் இருந்த ஊர். ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேல்சாதியார் முன் மார்பை மறைக்கக்கூடாது என்றிருந்த நாடு அது. தோள்சீலைக்காகப் பெண்கள் பல பத்தாண்டுகள் போராடி, 1859-இல் சாணார் பெண்களுக்கு அரச ஆணை வந்தது. அன்று மறைக்க உரிமை இல்லை. இன்று நோவென்று திறந்து காட்டினால் தெருவைக் கேட்கிறார்கள்.

மறுநாள் வேறோர் ஆஸ்பத்திரிக்கு அவளோடு நாங்களும் போனோம். திரை கேட்டோம், போட்டார்கள். மருந்தில் காய்ச்சல் இறங்கியது, சீழ் கட்டவில்லை. இப்போது இரண்டு பக்கமும் பிள்ளை குடிக்கிறது.

பாஸ்புக்கில் அவள் பெயர் இன்னும் ஏறவில்லை. அடுத்த வாரம் அந்த மனுவோடு போகிறோம்.