ஆறு மில்லிமீட்டர்

'பல்லை க்ளீன் பண்ணினால் பல் ஆடும்' என்பது நம் குடும்பங்களில் பூர்வீகச் சொத்து மாதிரி கைமாறி வருகிற நம்பிக்கை. எனக்கு அதை வழங்கியவர் தாய்மாமா. "டேய், சுரண்ட விட்டுடாதே. இருக்கிறதும் போயிடும்!" மாமாவிடம் இப்போது இருப்பது பல் செட்.

பல் தேய்க்கும்போது வாஷ்பேசின் சிவந்ததும் நான் டாக்டரிடம் போய்விட்டேன். அந்த லேடி டாக்டர், அளவுக்கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு, "மூணு... ரெண்டு... அஞ்சு..." என்று சொல்லச் சொல்ல, உதவிக்கு நின்ற பெண் எழுதிக்கொண்டே போனாள். நான் பி.காம். ஆடிட் நடக்கிறது என்று புரிந்தது. 3 மில்லிமீட்டர் வரை சரி. அதற்கு மேல் போனால் ஈறு பல்லை விட்டு விலகிப் பை மாதிரி ஆகிவிட்டதாம். ஒரு கடைவாய்ப் பல்லில் 6! எக்ஸ்ரேயில் அங்கே எலும்பும் இறங்கியிருந்தது.

"ஆபரேஷனா டாக்டர்?"

"எடுத்த எடுப்புலயே கத்தி எதுக்கு சார்? முதல்ல சுத்தம் பண்ணிப் பார்ப்போம்."

இது மேலே பளபளப்பாக்குகிற சுத்தம் இல்லை. மரத்துப்போக ஊசி போட்டு, அதிர்கிற கருவியாலும் வளைந்த கைக்கருவிகளாலும், ஈறுக்குக் கீழே வேரில் ஒட்டியிருக்கும் காரையைச் சுரண்டி எடுக்கிறார்கள். ஒரு வாரம் வலது பக்கம், மறுவாரம் இடது. வலி தெரியவில்லை. சத்தம்தான், மண்டைக்குள் மாவு மில் ஓடுகிற மாதிரி.

முடிந்த பிறகு பல்லிடுக்கில் சந்து தெரிந்தது. ஐஸ் வாட்டர் கூசியது. அந்தக் கடைவாய்ப் பல் லேசாக ஆடவும் செய்தது! பதறிப்போய்க் கேட்டேன்.

"வாடகைக்கு வந்தவன் வீட்டை இடிச்சுட்டு, தானே முட்டுக்கொடுத்து நின்னான் சார். அவனைக் காலி பண்ணினதும் வீடு ஆடுதுங்கறீங்க" என்றார். எலும்பு முன்பே போய்விட்டது. காரைதான் சிமென்ட் மாதிரி பிடித்துக்கொண்டிருந்தது. வீங்கிய ஈறு வற்றினதால் சந்து. இதைப் பார்த்துத்தான் ஊரே டாக்டரைக் குற்றவாளி ஆக்கிவிடுகிறது.

ஆறு வாரம் கழித்து மறுபடி கம்பி. 6 இப்போது 4. ரத்தம் இல்லை, ஆட்டமும் குறைந்திருந்தது. இறங்கிய எலும்பு மட்டும் திரும்பாது. அது 'ரைட் ஆஃப்'. பை குறையாதவர்களுக்குத்தான் அடுத்தபடியாக ஆபரேஷனாம். எனக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை செக்கப், தினம் ராத்திரி பல்லிடுக்கில் குட்டி பிரஷ்.

இந்தக் கதையை ஆபீஸ் வாசல் டீக்கடையில் நண்பரிடம் சொன்னேன். "எனக்கெல்லாம் ரத்தமே வராதுப்பா" என்று புகையை விட்டார். சிகரெட் பிடிப்பவர்களுக்கு ஈறு உள்ளே கெட்டிருந்தாலும் ரத்தம் அவ்வளவாக வராது, அதனாலேயே தெரியாமல் போய்விடும் என்று டாக்டர் சொன்னதை எடுத்துவிட்டேன். நண்பர் சிகரெட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நாக்கால் கடைவாயை ஒரு தடவை துழாவிப் பார்த்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் அவருக்கும் அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கிறேன்.