ஒரு மாணவனிடம் கேட்க வேண்டியிருந்த மன்னிப்பு

சில வருசங்களுக்கு முன், தரம் 10 விஞ்ஞானப் பாடம். பாறைக்குழம்பு ஆறும்போது கனியங்கள் ஒவ்வொன்றாகப் பளிங்காகும் என்று படிப்பித்துக்கொண்டிருந்தேன். கடைசி வாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழும்பினான்.

"சேர், உம்மாட ஆணம் ஆறினா எண்ணெய் வேறயா மேல வருதே. பாறைக்குழம்பும் அப்படி ரெண்டு திரவமா பிரியாதா?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். "அது குசினி மகன், இது புவியியல்" என்று இருத்திவிட்டேன். அதன்பிறகு அவன் என்னிடம் கேள்வியே கேட்கவில்லை.

அண்மையில் இது பற்றி வாசிக்கக் கிடைத்தது. என்னைவிடப் பெரிய ஆட்களும் இதே தவறைச் செய்திருக்கிறார்கள். 1927 இல் கிரெய்க் என்பவர் சிலிக்கேற்று உருகல் இரண்டு திரவங்களாகப் பிரிவதை ஆய்வுகூடத்தில் கண்டார். ஆனால் அது நடந்தது 1700 பாகை செல்சியஸ் அளவில். இயற்கையான எரிமலைக் குழம்பு சுமார் 1200 பாகைதான். ஆகவே பாறையியலின் பெரும்புள்ளி போவன், 1928 இல், இயற்கையில் இதற்குப் பெரிய பங்கில்லை என்று ஒதுக்கிவிட்டார்.

1951 இல் ரோடர் என்பவர், இரும்பு கூடிய கலவை இதைவிட மிகக் குறைந்த வெப்பநிலையிலும் பிரியும் என்று காட்டினார். பலர் கண்டுகொள்ளவில்லை. 1969 இல் அப்பலோ 11 சந்திரனிலிருந்து கற்களைக் கொண்டுவந்தது. அவரும் வைப்ளனும் அவற்றை நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள். பளிங்குகளுக்கிடையில் இரண்டு வகைக் கண்ணாடி. ஒன்றில் இரும்பு அதிகம், மற்றதில் சிலிக்கா அதிகம். ஒன்றுக்குள் மற்றது சின்னச் சின்னத் துளிகளாக உறைந்திருந்தது.

காரணம் இதுதான். பளிங்குகள் உருவாக உருவாக, மிஞ்சும் திரவத்தில் இரும்பு கூடுகிறது. சூடு குறையக் குறைய, சிலிக்காவின் வலைப்பின்னலும் இரும்பும் ஒன்றாக இருக்க முடியாமல் பிரிகின்றன. கிரீன்லாந்தின் ஸ்கேர்கார்ட் பாறைகளிலும் இதற்குச் சான்று கிடைத்துள்ளது.

ஆணத்தில் எண்ணெய் கரைந்திருப்பதில்லை, கொதிக்கும்போது கலங்கி மட்டுமே நிற்கிறது. பாறைக்குழம்போ உண்மையில் ஒரே திரவமாக இருந்து இரண்டாகிறது. உதாரணம் முழுக்கப் பொருந்தாது. ஆனால் கேள்வி சரியானது.

போன கிழமை அவனைக் கடைத்தெருவில் கண்டேன். விசயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "சேர், எனக்கு மறந்தே போச்சு" என்று சிரித்தான். பிறகு கொஞ்சம் நின்று, "அப்ப ரெண்டுல எது சேர் கீழ போகும்?" என்றான்.

இரும்பு கூடியதுதான் மகன். அது பாரம்.

சக ஆசிரியர்களே, பெற்றோரே, பிள்ளை கேட்பது தெரியாவிட்டால் "தெரியாது, பார்த்துச் சொல்றன்" என்று சொல்லுங்கள். சிரிக்க மட்டும் வேண்டாம்.