மாடிப்படிக்குக் கீழே ஒரு சிற்றறை

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்குகின்ற ஒழுங்கை ஒன்றில் அமைந்திருக்கிறது எமது வீடு. அதன் முன்கூடத்தை ஒட்டி, மாடிப்படிக்குக் கீழே, 3 அடி அகலமும் 5 அடி நீளமும் கொண்ட மலசலகூடம் ஒன்று உண்டு. வீட்டுக்கு வருபவர்களின் பாவனைக்கென்றே அது கட்டப்பட்டது. ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வரும் எனது மருமகள் அதனைப் 'பவுடர் ரூம்' என்று அழைப்பாள்.

பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் செல்வந்தர்கள் தங்கள் பொய்முடிக்கு மாப்பொடி பூசிக்கொள்வதற்கென வீட்டில் சிற்றறையொன்றை வைத்திருந்தார்கள். அந்த வழக்கத்தின் எச்சமே இந்தப் பெயர். தலைக்குப் பூசும் பொடிக்கு 1795ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசாங்கம் வரி விதித்தது. அதே ஆண்டில்தான் ஒல்லாந்தரிடமிருந்து யாழ்ப்பாணக் கோட்டையை ஆங்கிலேயர் கைப்பற்றினர். கோட்டையை விட்டுச் சென்ற ஒல்லாந்தர் தங்கள் மொழியிலிருந்து 'கக்கூஸ்' என்ற சொல்லை எமக்கு விட்டுச் சென்றார்கள். எந்தப் பெயரால் அழைத்தாலும் இருபது வருடங்களுக்கும் மேலாக நான் கவனித்துப் பார்த்திராத ஓர் அறை அது. அதனைத் திருத்தியமைக்க நேர்ந்த கதையையே இங்கு எழுதுகிறேன்.

என்னிலும் பத்து வயது மூத்த நண்பர் ஒருவர் இருக்கிறார். ஈய எழுத்துக் கோத்து அச்சடித்த காலத்தில் நான் பணியாற்றிய பத்திரிகையில் அவர் ஒப்புநோக்குநராக இருந்தார். ஆசிரிய பீடத்தில் என்னதான் எழுதினாலும் அவரது கண்ணைத் தாண்டாமல் எதுவும் அச்சேறாது. ஓய்வு பெற்ற பின்னர் ஞாயிற்றுக்கிழமை தோறும் காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டுக்கு வருவதை அவர் வழக்கமாகக் கொண்டிருந்தார். அன்றைய பத்திரிகைகளில் கண்ட பிழைகளைச் சிவப்பு மையால் குறித்துக்கொண்டு வருவார். மதியம் வரை பேச்சு நடக்கும். அதற்குள் இரண்டு தடவை தேநீர் வரும்.

ஒரு ஞாயிறன்று அவர் அந்தச் சிற்றறைக்குள் இருந்தபோது ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. 'என்னண்ணை?' என்று கூடத்திலிருந்தே குரல் கொடுத்தேன். 'ஒண்டுமில்லைத் தம்பி, வாளி தட்டுப்பட்டுது' என்றார். வெளியே வருவதற்குச் சற்று நேரம் எடுத்தது. அவர் போன பிறகு பார்த்தேன். சுவரில் இருந்த துவாய்க் கம்பி ஒற்றைத் திருகாணியில் தொங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் அதனை நீளமான திருகாணிகளால் நானே பூட்டிவிட்டேன். ஒரு சம்பவம் நடந்தால் என்ன, எங்கே, எப்போது, ஏன் என்று கேட்க வேண்டுமென இளம் நிருபர்களுக்குப் பாடம் நடத்தியவன், அந்தக் கம்பி ஏன் கழன்றது என்று கேட்கவில்லை.

அடுத்தடுத்த வாரங்களில் வந்தபோது அவர் தேநீரை மறுத்தார். 'வேண்டாம் தம்பி, இப்பதான் குடிச்சிட்டு வாறன்.' பதினொரு மணிக்கே எழும்பிவிடுவார். பின்னர் வருவதையே நிறுத்திவிட்டார். தொலைபேசியில் மழை என்றார், பஸ் கூட்டம் என்றார். நாட்டு நடப்பு பற்றிய ஒரு வாக்குவாதத்தில் நான் சற்றுக் கடுமையாகப் பேசியதுதான் காரணமென்று எண்ணிக்கொண்டேன். வயது போன காலத்தில் இவ்வளவு மனத்தாங்கலா என்று எனக்கும் உள்ளூரக் கோபம். இப்படியே ஒன்றரை வருடம் கழிந்தது.

கோவில் வாசலில் தற்செயலாகச் சந்தித்த அவரது மகள்தான் உண்மையைச் சொன்னார். 'மாமா, அப்பா உங்கட வீட்டில விழுந்தவர். உங்களிட்டைச் சொல்லவேண்டாம் எண்டவர்.' கொமோட்டிலிருந்து எழும்ப முடியாமல் துவாய்க் கம்பியைப் பிடித்திருக்கிறார். அது கையோடு வந்துவிட்டது. இடுப்பில் கண்டிய காயம் ஆறுவதற்கு மூன்று கிழமை சென்றதாம். காயத்தைவிட, கதவை உடைத்துத் தன்னைத் தூக்கி எடுக்கும் நிலை வந்துவிடுமோ என்ற அச்சமே அவரை வதைத்திருக்கிறது. அதனால்தான் தேநீரை மறுத்தார். அதனால்தான் வராமலே விட்டார்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. பொதுக் கட்டிடங்களில் வலுவிழந்தோருக்கு இருக்கவேண்டிய வசதிகள் பற்றிய ஒழுங்குவிதிகள் 2006 ஒக்டோபரில் வர்த்தமானியில் வெளிவந்தபோது அதனை வரவேற்று ஆசிரிய தலையங்கம் எழுதியவன் நான். காரின் மீது மரம் விழுந்த விபத்தினால் சக்கர நாற்காலிக்கு உள்ளான கலாநிதி அஜித் பெரேரா தொடுத்த வழக்கில் 2009ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் கட்டளை பிறப்பித்தபோதும் எழுதினேன். திணைக்களங்களுக்கும் வங்கிகளுக்கும் ஆலோசனை கூறிய எனது சொந்த வீட்டில் ஒரு முதியவர் பிடித்து எழும்ப ஒரு கம்பி இருக்கவில்லை.

மறுநாள் காலையில் ஓர் அளவுநாடாவுடன் அந்த அறைக்குள் நுழைந்து, கதவைச் சாத்திக்கொண்டு, எண்பது வயதுக்காரராக என்னைப் பாவனை செய்து பார்த்தேன். கொமோட்டின் உயரம் 15 அங்குலம். எனக்கே முழங்கால் நொந்தது. கதவு உட்பக்கமாகத் திறந்தது. உள்ளே ஒருவர் விழுந்தால் அவரது உடலே கதவை அடைத்துக்கொள்ளும். வாசலில் 4 அங்குலப் படி. சுவர்களில் மருமகள் விரும்பித் தெரிவு செய்த கருநீல வர்ணம், கூரையில் மங்கலான ஒரு மின்குமிழ். இந்த இருட்டில் படி எங்கே, தரை எங்கே என்று கண்ணில் வெண்புரை உள்ளவருக்கு எப்படித் தெரியும்?

மேசனும் ஓடாவியுமாக இருவர் இரண்டு நாட்களில் வேலையை முடித்தார்கள். செலவு, நடுத்தரமான ஒரு கைத்தொலைபேசியின் விலையிலும் குறைவு. வாசகர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் விபரமாகவே கூறுகிறேன்.

முதலில் கதவு. பிணைச்சல்களை மாற்றி வெளிப்பக்கமாகத் திறக்கச் செய்தோம். தாழ்ப்பாளுக்குப் பதிலாக, அவசரத்தில் வெளியிலிருந்து ஒரு நாணயத்தால் திருப்பித் திறக்கக்கூடிய பூட்டுப் போட்டோம். கதவு மடங்க வேண்டிய இடமும் மிச்சமானதால் உள்ளே நின்று திரும்புவது இலகுவாயிற்று.

அடுத்து கைப்பிடி. துவாய்க் கம்பி துவாயைத் தாங்கும், மனிதரைத் தாங்காது. மாடிப்படிப் பக்கத்துச் சுவர் வெறும் பலகைத் தடுப்பு. ஆகவே எதிர்ப்பக்கத்துச் செங்கற் சுவரில் ஆழத் துளையிட்டு, விரிந்து இறுகும் ஆணிகளால் கைப்பிடியைப் பொருத்தினோம். இங்கு கடற்காற்று சாதாரண இரும்பை ஒரு மாரிக்குள் தின்றுவிடும். எனவே துருப்பிடிக்காத உருக்கையே வாங்கினோம். மேசன் தன் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கிக் காட்டிய பிறகுதான் அவருக்குக் கூலி கொடுத்தேன்.

கொமோட்டை உடைத்து மாற்றவில்லை. அதன்மேல் இறுக்கிப் பூட்டும் 4 அங்குல உயர இருக்கையை மருந்துக்கடையொன்றில் வாங்கினோம். படியின் கீழே கழிவுக் குழாய் செல்வதால் படியையும் அகற்ற முடியவில்லை. அதன் விளிம்பில் சொரசொரப்பான மஞ்சள் பட்டி ஒன்றை ஒட்டினோம். திருகித் திறக்கும் தண்ணீர்க் குழாய்க்குப் பதிலாக, விரலால் தட்டித் திறக்கும் குழாய் வந்தது.

கடைசியாக நிறம். ஒடுங்கிய பத்தியை அகலமாகக் காட்ட வேண்டுமானால் எழுத்தைக் குறைத்து வெள்ளையிடத்தைக் கூட்ட வேண்டும் என்பது பத்திரிகைப் பக்க வடிவமைப்பில் நாம் கற்ற பாடம். சுவருக்குப் பால்வெள்ளை பூசி, பேசினின் மேலே அகலமான கண்ணாடி ஒன்றை மாட்டி, பிரகாசமான இரு மின்குமிழ்களைப் பொருத்தியபோது அதே 3 அடி அறை அகன்றுவிட்டது போலத் தோன்றியது. கைப்பிடிக்கு மட்டும் வெள்ளை வேண்டாமென்று கருநீல உறை போட்டோம். வெள்ளைச் சுவரில் வெள்ளைக் கைப்பிடி, பார்வை மங்கியவருக்கு இல்லாத கைப்பிடி.

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் இருந்து இதனை வாசிக்கும் உறவுகளின் வீடுகளிலும் மாடிப்படிக்குக் கீழே இத்தகைய சிற்றறைகள் இருக்கின்றன. ஊரிலிருந்து பெற்றோரை அழைப்பவர்கள், விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பு ஒருமுறை அதற்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டு பார்க்க வேண்டும் என்பதே எனது வேண்டுகோள். வயதானவர்கள் இந்தச் சங்கடத்தை வாய் திறந்து சொல்லமாட்டார்கள். தண்ணீர் குடிப்பதைத்தான் குறைப்பார்கள்.

வேலை முடிந்த மறு ஞாயிறு, நானே முச்சக்கர வண்டியில் சென்று நண்பரை அழைத்து வந்தேன். மகள் என்னிடம் பேசியதை அவருக்குச் சொல்லவில்லை. பதினொரு மணியளவில் அவர் எழும்பினார். விடைபெறப் போகிறார் என்று நினைத்தேன். கைத்தடியை ஊன்றிக்கொண்டு அந்தக் கதவடிக்குச் சென்று நின்றார்.

'என்ன தம்பி, கதவு வெளியால திறக்குது?'

'உள்ளுக்கு இடம் காணாதண்ணை' என்றேன்.

வெளியே வந்தவர் கைப்பிடியைப் பற்றியோ வெளிச்சத்தைப் பற்றியோ ஒன்றும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கதிரையில் அமர்ந்து, சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனையை எடுத்து, மேசையிலிருந்த பத்திரிகையின் முதற்பக்கத்தில் ஒற்றுப்பிழை ஒன்றைச் சுழித்தார். பிறகு குசினிப் பக்கம் திரும்பி, எனது மனைவிக்குக் கேட்கும்படியாகச் சொன்னார்:

'பிள்ளை, இன்னொரு தேத்தண்ணி கிடைக்குமோ?'