எந்த மாதம், எந்தக் கடல்?



வெயில் என்றால் என்ன என்று ஓட்டப்பிடாரத்துக்காரனுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. மே மாதம் கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். கிழக்கே வேப்பலோடை, தருவைகுளம் பக்கம் போனால் உப்பளம் கண்ணைக் கூசும். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, கோடையில் வெளிநாட்டுக் கடற்கரைக்குப் போகலாம் என்று வீட்டில் பேச்சு வந்தபோது, "இந்த வெயில்ல இருந்து தப்பிச்சு இன்னொரு வெயிலுக்கா காசு குடுத்துப் போவாக?" என்று அம்மா கேட்டதில் தப்பே இல்லை.

பேச்சை ஆரம்பித்தவர் என் அக்காவைக் கட்டிய அத்தான். வளைகுடாவில் வெல்டராக இருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் லீவு. அந்த லீவும் ஜூனில்தான் கிடைக்கும். அங்கே கோடையில் வெயில் 45 டிகிரியைத் தொடும். ஐக்கிய அரபு நாடுகளிலும் கத்தாரிலும் அந்த மாதங்களில் நடுப்பகலில் திறந்த வெளியில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. அதனால் ஆட்களை ஊருக்கு அனுப்ப கம்பெனிக்கு அதுதான் வசதியான நேரம்.

ஒருநாள் போனில் சொன்னார்: "மாப்ளே, நீதான் டிப்ளமா படிக்க. எந்த ஊர்னு நீயே பாத்து வை. அஞ்சு நாள். அத்தை, மாமா எல்லாரும் வரணும். பாப்பாவை ஒரு வயசுல விட்டுட்டு வந்தேன். இப்ப அவளுக்கு நான் போன்ல வர்ற ஆளு. அவகூட அஞ்சு நாளு தண்ணிக்குள்ள கெடக்கணும்."

வேலை என் தலையில் விழுந்தது. ஆறு பேர் போக வேண்டும். காசோ, வெல்டிங் புகையில் இரண்டு வருஷம் நின்று சேர்த்த காசு. இடத்தைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் அடுத்த லீவு வர இன்னும் இரண்டு வருஷம். அப்போது பாப்பா பள்ளிக்கூடத்தில் இருப்பாள்.

முதலில் ஒரு டிராவல்ஸ்காரரைப் போய்ப் பார்த்தோம். தாய்லாந்து புக்கெட், ஜூன் மாதம், பாதி விலை என்றார். படத்தில் கடல் கண்ணாடி மாதிரி இருந்தது. அக்காவுக்கு ஆசை வந்துவிட்டது. எனக்கோ ஒரே கேள்விதான். ஒரு பொருளைப் பாதி விலைக்குக் கொடுக்கிறார்கள் என்றால் மீதிப் பாதி எங்கே போயிற்று?

விடை நமக்குத் தெரிந்த இடத்திலேயே இருந்தது. ஜூனில் நாம் எங்கே போவோம்? குற்றாலம்! அங்கே சாரல் அடிக்கும்போது ஓட்டப்பிடாரத்தில் புழுதி பறக்கும். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறும்போது குளிர்ந்து மழையைக் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி இறங்கும்போது சூடாகி, ஈரம் இல்லாத காற்றாக நம் பக்கம் வருகிறது. மழை மறைவுப் பகுதி என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதுதான்.

இந்த ஒரே பாடத்தை வைத்துக்கொண்டு மேப்பை விரித்தேன். புக்கெட் தாய்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கிறது. மே முதல் அக்டோபர் வரை பருவக்காற்று நேராக அதன் மேல்தான் மோதும். மழையைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அலைதான் ஆபத்து. அலை கரைக்குத் தள்ளும் தண்ணீர் ஏதாவது ஒரு குறுகலான வாய்க்கால் பிடித்துக் கடலுக்குள் திரும்பும். அந்த இழுப்பில் சிக்கினால் நல்ல நீச்சல்காரனும் தவித்துப் போவான். அந்த மாதங்களில் அங்கே கரையில் சிவப்புக் கொடி நட்டு, இறங்காதே என்று எச்சரிப்பார்கள். கொடியைப் பார்த்துக்கொண்டு ஓட்டல் அறையில் உட்காருவதற்குத்தான் அந்தப் பாதி விலை! அதே தாய்லாந்தில் கிழக்கே உள்ள கோ சாமுயி தீவு ஜூனில் எவ்வளவோ தேவலை.

அடுத்தது மாலத்தீவு. நமக்குப் பக்கம், விசாவும் போய் இறங்கினால் கிடைக்கும். ஆனால் மே முதல் அங்கேயும் தென்மேற்குக் காற்றுதான். தடுக்க ஒரு மலை கிடையாது. துபாய் கடற்கரையைச் சொன்னதும் அத்தான் சிரித்துவிட்டார்: "அந்தத் தண்ணியில சோறு பொங்கலாம்டா!" பாலித் தீவு பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கிறது. ஜூனில் மழை இல்லாத காலம், கடலுக்கும் குறையில்லை. ஆனால் ஆறு விமான டிக்கெட்டைக் கூட்டிப் பார்த்ததும் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

மிச்சம் இருந்தது இலங்கை. "கொழும்பா? அங்கயும் இப்ப மழைதானே?" என்றார் அப்பா. கொழும்பு, பெந்தோட்டை, காலி எல்லாம் தென்மேற்குக் கரை. அவற்றுக்கு டிசம்பர் முதல் மார்ச் வரைதான் நல்ல காலம். ஆனால் இலங்கையின் நடுவே மலை இருக்கிறதல்லவா? மழையெல்லாம் இரத்தினபுரி பக்கம் கொட்டித் தீர்ந்துவிடும். மலைக்குக் கிழக்கே உள்ள திருகோணமலை, பாசிக்குடா, அறுகம்பே ஆகியவை மே முதல் செப்டம்பர் வரை காய்ந்து கிடக்கும். அவர்களுடைய குற்றாலம் மேற்கே, ஓட்டப்பிடாரம் கிழக்கே!

தருவைகுளத்து நண்பன் ஒருவனின் அப்பாவிடம் இதைச் சொன்னேன். வலையைத் தைத்துக்கொண்டே, "இதுக்குப் போயி மேப்பு எதுக்குலே? காத்து கரையில இருந்து அடிச்சா கடலு படுத்துக் கெடக்கும். கடல்ல இருந்து அடிச்சா எந்திரிச்சு நிக்கும்" என்றார். நான் நாலு நாள் படித்ததை அவர் நாலு விநாடியில் முடித்துவிட்டார். நம் கடலில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் மார்ச் முதல் மே வரையில்தான் குளிப்பார்கள். தென்மேற்குக் காற்று கிளம்பும் முன் தண்ணீர் தெளிந்து, கடல் அடங்கி இருக்கும் நேரம் அது. 1961க்குப் பிறகு முத்துக்குளிப்பு இல்லை. ஆனால் எந்தக் கடலுக்கு எந்த மாதம் என்ற கணக்கு நம் கரையில் அழியவில்லை.

கப்பலில் போக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. நம் ஊரில் பிறந்த வ.உ.சி. 1906இல் சுதேசிக் கம்பெனி தொடங்கி, காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களைத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓட்டினார். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்துப் போட்டியிட்டும் நம் ஜனங்கள் சுதேசிக் கப்பலில்தான் ஏறினார்கள். அந்தத் தடத்தில் 2011 ஜூனில் மறுபடி பயணிகள் கப்பல் விட்டார்கள். அந்த வருஷமே நின்று போயிற்று. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் தொடங்கி, சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் திரும்ப ஆரம்பித்தது. ஆனால் அது யாழ்ப்பாணக் கரையில் இறக்கிவிடும். எங்களுக்கு இருந்த ஐந்து நாளில் மதுரை விமானமே சரிப்பட்டது. சுமார் ஒரு மணி நேரத்தில் கொழும்பு!

போன ஜூனில் போனோம். விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் நல்ல மழை. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் வாயே திறக்கவில்லை. வேன் வடகிழக்கே போகப் போக மழை குறைந்தது. தம்புள்ளை தாண்டியதும் ரோட்டோரம் மண் காய்ந்திருந்தது. ஹபரணை தாண்டியபோது அப்பாவே ஜன்னலைத் திறந்து, "நம்ம காத்துலே இது!" என்றார்.

பாசிக்குடாவை நான் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணம் அதன் ஆழம். வளைந்த குடா. கரையில் இருந்து வெகுதூரம் நடந்தாலும் இடுப்பளவுத் தண்ணீர்தான். அம்மாவுக்கு நீச்சல் தெரியாது. பாப்பாவுக்கு வயது மூன்று. முதல் நாள் பாப்பா அத்தானிடம் போகவே இல்லை, என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இரண்டாம் நாள் அவர் தண்ணீரில் உட்கார்ந்து, தலையில் மண்ணை வைத்துக் கோமாளி வேஷம் போட்டார். மூன்றாம் நாள் "அப்பா, தண்ணி!" என்று அவரை அவளே கையைப் பிடித்து இழுத்துப் போனாள். அத்தான் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

அங்கே பேச்செல்லாம் தமிழ். காற்றைப் பற்றிக் கேட்டதற்கு ஒரு பெரியவர் "இது கச்சான்" என்றார். மேற்கே இருந்து வரும் காய்ந்த காற்றுக்கு அந்தப் பெயர். கொஞ்ச நேரத்தில் ஒரு பையன் "கச்சான், கச்சான்!" என்று கூவிக்கொண்டு வந்தான். காற்றை எப்படி விற்கிறான் என்று பார்த்தால், வறுத்த நிலக்கடலை! அங்கே அதற்கும் அதே பெயர்தான்.

2004 சுனாமியும், 2009 வரை நடந்த யுத்தமும் சூறையாடிய கரை அது. விடுமுறைக்குப் போகிறவன் அதை மறந்துவிட்டுக் குளிக்கக் கூடாது. சாப்பாட்டையும் படகையும் அந்த ஊர் ஆட்களிடமே வாங்கினோம்.

தோழர்களே! நம்மில் பல பேர் டிப்ளமா முடித்துக் கடல் தாண்டத்தான் போகிறோம். நமக்கும் லீவு கோடையில்தான் வரும். அன்றைக்கு நாலு விஷயம் ஞாபகம் வையுங்கள். விலையைப் பார்க்கும் முன் மாதத்தைப் பாருங்கள். அந்த மாதம் காற்று எங்கிருந்து வருகிறது, நடுவில் மலை உண்டா என்று பாருங்கள். விசா விதி அடிக்கடி மாறும், டிக்கெட் போடும் முன் அந்த வாரத்து விதியைப் படியுங்கள். கடல் இழுத்தால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வாருங்கள்.

மேப் வேண்டுமா? மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு வகுப்பு, கடைசி பெஞ்ச். மடிப்புக் கிழியாமல் திருப்பிக் கொடுத்தால் போதும்!