வீடு இருந்தால் மட்டும் போதுமா?

"உம்மா, நாமளும் இப்படி வீடு ஒண்டு வாங்குவமா? வீடு மாறக்குள்ள சாமான் ஏத்துற வேலையே இல்லதானே."

யூடியூபில் ஒரு வீட்டு வாகனத்தைப் பார்த்துவிட்டு எங்கள் ஐந்து வயது மகள் கேட்டது. நாங்கள் இருவரும் முதலில் சிரித்தோம். பிறகு சிரிப்பு வரவில்லை. இருவருமே ஆசிரியர்கள். இடமாற்றத்தால் ஆறு வருடத்தில் நான்கு வாடகை வீடு மாறியிருக்கிறோம். பிறந்ததில் இருந்து அவள் சாமான் ஏற்றுவதைத்தான் பார்க்கிறாள்.

அன்றிரவு அவள் தூங்கிய பின் நாங்களும் அந்த வீடியோக்களைப் பார்த்தோம். அமெரிக்காவில் வருடம் முழுவதும் வாகனத்திலேயே குடியிருப்பவர்கள் இருக்கிறார்கள். கட்டில், அடுப்பு, மலசலகூடம் எல்லாம் உள்ளே. கூரையில் சூரியத் தகடு. நல்ல தண்ணீருக்கு ஒரு தாங்கி, கழுவிய தண்ணீருக்கு ஒன்று, மலக்கழிவுக்கு ஒன்று. நிறைந்தால் அதற்கென்று உள்ள இடத்துக்கு ஓட்டிப்போய்த் திறந்துவிட வேண்டும். ஓய்வுபெற்று ஊர் பார்க்கக் கிளம்பியவர்களும் உண்டு. 2008 பொருளாதார நெருக்கடியில் வீட்டை இழந்து, வேறு வழியில்லாமல் ஏறியவர்களும் உண்டு.

எங்களை யோசிக்க வைத்தது வேறு விசயம். ஓடுகிற வீட்டுக்கும் ஒரு முகவரி வேண்டும். சாரதி அனுமதிப்பத்திரம், காப்புறுதி, வாக்கு எல்லாவற்றுக்கும் அதைத்தான் கேட்கிறார்கள். அதனால் பலர் டெக்சாஸ், புளோரிடா, தெற்கு டகோட்டா போன்ற மாநிலங்களில் ஒரு முகவரி எடுத்துக்கொள்கிறார்கள். டெக்சாஸின் லிவிங்ஸ்டன் என்ற ஊரில் எஸ்கேப்பீஸ் என்று இவர்களுக்கே ஒரு சங்கம் இருக்கிறது. உறுப்பினர்களுக்கு வரும் கடிதங்களை வாங்கி, அவர்கள் நிற்கும் இடத்துக்கு அனுப்பி வைக்கிறது.

அவர்களுக்கு வீடு இருக்கிறது, முகவரியை இன்னொருவர் கொடுக்கிறார். எங்களில் ஒருவருக்கு அது தலைகீழாக நடந்தது. 2004 சுனாமியில் கல்முனைக் கரையோரத்தில் வீடு போனது, முகவரி மட்டும் மிஞ்சியது. கிழக்கில் கடலில் இருந்து 200 மீற்றருக்குள் கட்டக் கூடாது என்றார்கள். முதலில் கூடாரம், பிறகு தகரக் கொட்டில். இல்லாத வீட்டுக்கு வந்த கடிதங்களைத் தபால்காரர் முகாம் முகாமாகத் தேடிக் கொண்டுவந்து தந்தார். யார் எந்தக் கொட்டிலில் என்று அவருக்குத்தான் தெரியும்.

இப்போது மகளுக்கு முதலாம் தர அனுமதி. பக்கத்துப் பாடசாலைக்கு விண்ணப்பிக்க, வாக்காளர் இடாப்பில் எத்தனை வருடம் பெயர் இருக்கிறது என்று பார்த்துப் புள்ளி போடுகிறார்கள். ஆசிரியர்களின் பிள்ளைகளுக்கு ஒதுக்கீடு உண்டு. அது மிகச் சிறியது, அதற்கும் போட்டி. எங்கள் பெயரோ நான்கு வீட்டிலும் இடாப்பில் ஏறவில்லை.

"கோவிக்காதீங்க டீச்சர், பேரைப் போட்டா நாளைக்கு வீட்டுல உரிமை வந்திடும் எண்டு சொல்றாங்க."

சொன்னவர் கெட்டவர் அல்ல. நோன்பு காலத்தில் எங்களுக்குத் தினமும் கஞ்சி அனுப்பியவர். நாங்களும் வற்புறுத்தவில்லை. அடுத்த வருடம் மாறிவிடுவோம்தானே என்று விட்டுவிட்டோம். அது எங்கள் பிழை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். வாக்காளர் இடாப்பு ஒருவர் எங்கே வசிக்கிறார் என்று மட்டும்தான் காட்டும். வீடு யாருடையது என்று சொல்வது காணி உறுதி.

மகளுக்குப் புள்ளி காணாது போல இருக்கிறது. தூரத்துப் பாடசாலையில் சேர்ப்போம், இன்ஷா அல்லாஹ் சமாளித்துக்கொள்வோம். கூலி வேலைக்குப் போகிறவரின் பிள்ளைக்குத் தினமும் ஓட்டோ பிடிக்க முடியாது. அந்தப் பிள்ளைகளை நாங்கள் வகுப்பில் காண்கிறோம். மழை பெய்தால் வராமல் விடுகிறவர்கள் அவர்கள்தான்.

வீடு வாடகைக்குக் கொடுத்திருப்பவர்களே, அடுத்த முறை கிராம சேவகர் படிவம் கொண்டுவந்தால் உள்ளே இருப்பவர்களின் பெயரையும் எழுதிக் கொடுங்கள். வாடகைக்கு இருப்பவர்களே, எங்களைப் போல வெட்கப்பட்டு விட்டுவிடாதீர்கள். கேளுங்கள்.